பழைய தாமிரச் சுரங்கத்துக் கல்லு சேக்குறவங்களுக்கு, மழை ஊர்ல இருந்து சில விஷயம்

எங்க ஊரு நீலகிரில பந்தலூர் பக்கம். இங்க கல்லு சேக்குறேன்னு சொன்னா எல்லாருக்கும் முதல்ல தங்கம்தான் ஞாபகம் வரும், ஏன்னா தேவாலா பந்தலூர் சுத்தி வெள்ளக்காரன் காலத்து தங்கச் சுரங்கம் இன்னும் அங்கங்க தொறந்து கிடக்கு. 1879ல பிரவ் ஸ்மித்னு ஒரு அதிகாரிய வெச்சு இந்தப் பக்கம் ஆய்வு பண்ணாங்க, 1880ல ரிப்போர்ட் வந்துச்சு, அந்த வேகத்துல லண்டன்ல கம்பெனி கம்பெனியா ஆரம்பிச்சு ஷேர் வித்து, கொஞ்ச வருஷத்துலயே முக்கால்வாசி படுத்துருச்சு. ஆனா நான் சேக்குறது தங்கம் இல்ல. தாமிரச் சுரங்கத்துல கிடைக்கிற கனிமங்க. பச்சையா இருக்குற மாலகைட், நீலமா இருக்குற அசுரைட், பித்தளக் கலர் சால்கோபைரைட், செவப்பு குப்ரைட், அப்புறம் தாமிரமாவே கிடைக்கிற இயற்கைத் தாமிரம். இதுல ஒண்ணு கூட நீலகிரில எடுத்தது கிடையாது, எல்லாம் வெளிய இருந்து வந்ததுதான். சேக்குற வீடுதான் நீலகிரில இருக்கு, அதுவும் ஜூன்ல ஆரம்பிச்சா செவுரெல்லாம் தண்ணி கோத்துக்கிற ஏரியாவுல. அதனால எனக்கு தெரிஞ்சதுல பாதி கல்ல வாங்குறதப் பத்தி, மீதி பாதி அதக் காப்பாத்துறதப் பத்தி.

இந்தப் பழக்கம் பெரியப்பாகிட்ட இருந்து வந்தது. அவரு மொசபோனில வேல பார்த்தவரு. இப்ப ஜார்கண்ட், அப்ப பீகார், காட்சிலா பக்கம். வெள்ளக்காரன் கம்பெனி ஆரம்பிச்ச தாமிரச் சுரங்கம், 1972ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அப்புறம் ஹிந்துஸ்தான் காப்பர் கைக்கு போச்சு. ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வரும்போது ஒரு தகரப் பொட்டி நெறைய கல்லு கொண்டு வந்தாரு. ஒவ்வொரு கல்லயும் பழைய சம்பளக் கவர் கிழிச்ச காகிதத்துல சுத்தி, அதுமேல பென்சில்ல எந்தச் சுரங்கம், எந்த லெவல் (எத்தனாவது ஆழத்து அடுக்கு), எந்த வருஷம்னு எழுதி வெச்சிருந்தாரு. நான் சின்னப் பையனா இருக்கும்போது அந்தக் காகிதத்தத் தூக்கிப் போடப் போனேன்னு வெச்சுக்கங்க, "டேய் தம்பி, கல்லு போனாக்கூட பரவால்ல, சீட்ட விட்றாத"ன்னு அதட்டுவாரு. அப்ப புரியல, இப்ப கல்லு வாங்க விக்க ஆரம்பிச்சப்புறம்தான் அவரு சொன்னது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியுது.

அந்தப் பொட்டில எனக்கு ரொம்பப் பிடிச்சது உள்ளங்கை அளவு ஒரு கல்லு. அடில பால் வெள்ள குவார்ட்ஸ் (வெங்கச்சங்கல்லு), மேல பித்தளக் கலர்ல சால்கோபைரைட், ஒரு ஓரத்துல மட்டும் காத்துப் பட்டு ஊதாவும் நீலமுமா ஒரு மினுமினுப்பு. அத டார்ச்ச நேரா அடிச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, பக்கவாட்டுல தரையோட தரையா அடிச்சு பத்து எக்ஸ் லென்ஸ்ல பாத்தா ஒரு வெடிப்புக்குள்ள பச்சையா மெல்லிசா ஒரு படலம் தெரியும், திராட்சக் கொத்து மாதிரி சின்னச் சின்ன உருண்டையா. அதுதான் மாலகைட். நம்ம வீட்டுச் செம்புக் குடத்துல பூக்குற களிம்புக்கு நெருங்கின சொந்தம், தாமிரக் கார்பனேட்.

இந்தப் பச்சையும் நீலமும் எப்படி வருதுன்னு தெரிஞ்சாதான் எத எப்படிப் பாத்துக்கணும்னு புரியும், அதனால கொஞ்சம் சொல்லிடறேன். பூமிக்கு அடில ஆழத்துல தாமிரம் பெரும்பாலும் கந்தகத்தோட சேந்துதான் இருக்கும், சால்கோபைரைட்னா தாமிரம் இரும்பு கந்தகம் மூணும் சேந்தது. மேல இருந்து மழத் தண்ணியும் காத்தும் எறங்கி இதத் தொட்டுச்சுன்னா கந்தகம் அமிலமா மாறும், தாமிரம் கரைஞ்சு தண்ணியோட கீழ போகும். போற வழில சுண்ணாம்புக் கல்லு மாதிரி ஏதாச்சும் மாட்டுனா அங்க மாலகைட்டாவும் அசுரைட்டாவும் படியும். மேல இரும்பு மட்டும் துருப் புடிச்சு செவந்த தொப்பியா நிக்கும், பழைய காலத்து ஆளுங்க அந்தத் துருவப் பாத்துதான் கீழ தாமிரம் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஆக அழகான கல்லு எல்லாம் நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேல இருக்குற அந்த ஒரு அடுக்குலதான் நெறைய. எந்தச் சுரங்கம்னாலும் முதல்ல தோண்டுனது அந்த அடுக்கத்தான், தோண்டுனது பூரா உலைக்குப் போச்சு. அமெரிக்கால அரிசோனா பிஸ்பி சுரங்கம் 1880ல இருந்து 1975 வரைக்கும் ஓடுச்சு, அங்க ஆரம்ப காலத்துல வந்த அசுரைட் மாலகைட் எல்லாத்தயும் எவனாச்சும் எடுத்து வெச்சிருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சாலே நெஞ்சு அடிச்சுக்கும். தப்பிச்சது ஒவ்வொண்ணும் ஒரு தொழிலாளி டிபன் டப்பாலயோ சட்டப் பைலயோ வெளிய வந்ததுதான். நமீபியால சுமெப்னு ஒரு சுரங்கம், 200க்கு மேல கனிம வகை அங்க கிடைச்சிருக்கு, 1996ல மூடிட்டாங்க. மூடுன சுரங்கத்துக் கல்லு திரும்ப வராது, இருக்குறதுதான் கணக்கு. அதனால ஒண்ணு கையில வந்துச்சுன்னா நாம அதுக்குச் சொந்தக்காரன் இல்ல, கொஞ்ச காலத்துக்குப் பாத்துக்கிறவன்தான்னு நான் நெனைக்கிறேன்.

சரி, எங்க கிடைக்கும்னு கேப்பீங்க. முதல்ல எங்க போகக் கூடாதுன்னு சொல்லிடறேன். எங்க ஊர்ப் பசங்க சில பேரு "அண்ணே, தேவாலா டனலுக்குள்ள போலாமா, உள்ள மின்னுது"ன்னு கூப்பிடுவாங்க. போகவே போகாதீங்க. திருட்டுத்தனமா தங்கம் தோண்டப் போயி மண்ணு சரிஞ்சு செத்தவங்க உண்டு, இந்தப் பக்கத்து ஆளுங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. மண்ணு சரியிறது ஒரு பக்கம், உள்ள காத்து இன்னொரு பக்கம். பைரைட்னு இரும்பும் கந்தகமும் சேந்த ஒரு கனிமம், அது துருப் பிடிக்கும்போது ஆக்ஸிஜன உறிஞ்சிக்கும், பழைய குகைல காத்தோட்டம் இல்லன்னா மூச்சுக்கு ஒண்ணும் இருக்காது, அது மணக்கவும் மணக்காது, தலை சுத்துதுன்னு நினைக்குறதுக்குள்ள ஆளு விழுந்துருவான். தரைல நேரா கீழ எறங்குற குழி இருக்கும், மேல மக்கிப்போன பலக மூடி அதுமேல மண்ணும் எலையும் கிடக்கும், கால வெச்சா போச்சு. போதாததுக்கு சேரம்பாடி தேவாலா பக்கம் யானை நடமாட்டம். காட்டு நிலத்துல இருந்து அனுமதி இல்லாம ஒரு கல்லு எடுத்தாலும் வனத்துற கேஸ் போட இடம் இருக்கு, அது வேற. அந்த மின்னுறது முக்கால்வாசி பைரைட்தான். ஒடைஞ்சு கிடக்குற துண்டு கைல கிடைச்சா மெருகு போடாத பீங்கான் ஓடுல தேச்சுப் பாருங்க, தங்கம்னா மஞ்சக் கோடு, பைரைட்டும் சால்கோபைரைட்டும் பச்ச கலந்த கருப்பாக் கோடு விழும். நல்ல ஸ்பெசிமன்ல இந்தச் சோதனையப் பண்ணாதீங்க, உதிரித் துண்டுல மட்டும்.

நியாயமான வழி நாலஞ்சு இருக்கு. சுரங்கத்துல வேல பாத்த குடும்பங்க முதல் வழி. நம்ம தமிழ் ஆளுங்க கோலார் தங்க வயல்ல எத்தன தலமுற வேல பாத்தாங்க, அது 2001ல மூடுச்சு, அங்க இருந்து வேற சுரங்கத்துக்குப் போன மெக்கானிக், மேஸ்திரி வீட்டு அலமாரில கல்லு இருக்கும். கர்நாடகால சித்ரதுர்கா பக்கம் இங்கல்தால்ல தாமிரச் சுரங்கம் இருந்துச்சு, ராஜஸ்தான்ல கேத்ரி, மத்தியப் பிரதேசத்துல மலாஞ்ச்கண்ட் இருக்கு, ஹரப்பா காலத்துலயே கேத்ரிப் பக்கம் தாமிரம் எடுத்திருக்காங்க. ஓடுற சுரங்கம்னா நிர்வாகத்துகிட்ட எழுத்துல கேட்டு, அவங்க ஆள் கூட வர, அவங்க காட்டுற கழிவுக்கல் மேட்டுல மட்டும்தான் பாக்கணும். மழைக்கு அடுத்த நாள் மேட்டுல போனா தூசி கழுவிப் பச்சை நல்லாத் தெரியும். காஞ்ச மண்ணுல பச்சையும் சாம்பலும் ஒண்ணாத்தான் இருக்கும். அப்புறம் வியாபாரிங்க, அப்புறம் சேக்குறவங்ககிட்ட மாத்திக்கிறது. நம்ம நாட்டுல மகாராஷ்டிராவுல கிடைக்கிற அபோஃபிலைட், ஸ்டில்பைட், புனே வாகோலி குவாரில கிடைச்ச நீலக் கேவன்சைட் இதுக்கெல்லாம் வெளிநாட்டுல நல்ல மதிப்பு, அதுல ரெண்டு மூணு கொடுத்தா பதிலுக்கு நல்ல மாலகைட்டோ அமெரிக்கா மிச்சிகன் இயற்கைத் தாமிரமோ வாங்கலாம். மிச்சிகன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அங்க ஒன்டோனகன்னு ஒரு இடத்துல கிடைச்ச ஒத்தத் தாமிரக் கட்டி சுமார் 1,700 கிலோ, அத வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல வெச்சிருக்காங்க. அவ்ளோ தாமிரம் உருக்காம அப்படியே கிடந்திருக்கு பாருங்க.

வாங்கும்போது என்ன பாக்கணும். கூர் முனை ஒடஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க, ஒடைஞ்ச இடம் புதுசா வெளேர்னு இருக்கும். பெரிசு சின்னத விட முழுசுதான் முக்கியம், பட்டாணி சைஸ் அசுரைட் முனை மழுங்காம இருந்தா அது முஷ்டி சைஸ் சொட்ட விழுந்த கல்ல விட மேல், இது என் கருத்து, எனக்கு இதுல சந்தேகமே கிடையாது. அடுத்தது போலி. மாலகைட்னு பிளாஸ்டிக்க கலந்து அச்சடிச்சு விப்பாங்க. நிஜ மாலகைட் கனமா இருக்கும், தண்ணியோட கிட்டத்தட்ட நாலு மடங்கு அடர்த்தி, கைல எடுத்ததும் ஜில்லுன்னு இருக்கும், அதுல இருக்குற பச்சக் கோடு ஒண்ணுக்கொண்ணு கச்சிதமா அமையாது. ரெண்டாவது போலி, பளபளன்னு நீலப் படிகம். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் டூரிஸ்ட் இடத்துல ஒரு கடைல அபூர்வக் கனிமம்னு சொல்லி நல்ல காசு குடுத்து வாங்கிட்டு வந்தான். எனக்குப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு, ஈர விரல வெச்சுத் தேச்சதும் விரல்ல நீலம் ஒட்டுச்சு. மயில்துத்தம்! மிளகுக் கொடிக்கு வாடல் நோய் வராம சுண்ணாம்போட கலந்து போர்டோ கலவையா அடிக்கிறோமே, அந்த மயில்துத்தந்தான், கல்லு மேல வீட்டுல வளத்திருக்காங்க. மயில்துத்தம் சுரங்கத்துல இயற்கையாவும் வரும், பேரு சால்காந்தைட், காஞ்ச இடத்துச் சுரங்கத்துச் செவுத்துல பூக்கும், அந்த இயற்கைக் கல்லுக்கு மதிப்பு இருக்கு. ஆனா பெரிய அழகான படிகமா, ஊர் பேரே இல்லாம வந்தா சந்தேகப்படணும். நக்கிப் பாக்குறது, வாயில வெக்கிறது எதுவும் வேண்டாம், அது விஷம், குழந்தைங்க கைக்கு எட்டவும் விடாதீங்க.

இன்னொண்ணு, சிங்பூம் (மொசபோனி இருக்குற ஜார்கண்ட் ஏரியா) பக்கத்துக் கல்லு வாங்குறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். மொசபோனி, ராக்கா தாமிரச் சுரங்கம் இருக்குற அதே பெல்ட்லதான் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கமும் இருக்கு, 1967ல ஆரம்பிச்சது. தாமிரமும் யுரேனியமும் சேந்து டோர்பெர்னைட்னு ஒரு கனிமம் உண்டு, சதுரத் தகடு தகடா, கண்ணாடிப் பச்சை, பாக்கவே ஆசையா இருக்கும். இங்கிலாந்து கார்ன்வால் பழைய தாமிரச் சுரங்கத்துலயும் கிடைச்சிருக்கு. அது கதிர்வீச்சு உள்ளது. பச்சத் தகடா இருக்குற எதையும் மாலகைட்னு நெனச்சு படுக்கை ரூம்ல வெக்காதீங்க. மாலகைட் தகடா வராது, உருண்டையாவோ நாராவோ வரும். சந்தேகம் வந்தா தெரிஞ்ச ஜியாலஜி ஆசிரியர்கிட்ட காட்டுங்க.

இப்ப சுத்தம் பண்ற கதை. நம்ம வீட்டுல செம்பு பளபளக்கணும்னா புளி போட்டுத் தேப்போம், இல்ல எலுமிச்சம்பழம். அத மாலகைட் அசுரைட் பக்கமே கொண்டு போகாதீங்க. கார்பனேட் எந்தப் புளிப்பு பட்டாலும் கரையும், வினிகர் பட்டாக்கூட நுரை வரும், அந்த வெல்வெட் மேல்பரப்பு ஒரு நிமிஷத்துல செத்துரும். வெறுந் தண்ணி, மென்மையான பிரஷ், அதுவும் கெட்டியான கல்லுக்கு மட்டும். நாரு நாரா இருக்குற மாலகைட்டுக்கு தண்ணியும் வேண்டாம், கேமரா லென்ஸுக்குக் காத்தடிக்கிற ரப்பர் பம்ப் போதும். குவார்ட்ஸ் மேல இருக்குற துருவ எடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் போடுவாங்க, நல்லாத்தான் வேல செய்யும், ஆனா அதே கல்லுல மாலகைட் ஒட்டியிருந்தா அதுவும் போயிரும், அதனால முழுசா குவார்ட்ஸ்தான்னு தெரிஞ்சா மட்டும் பண்ணுங்க. இயற்கைத் தாமிரத்த வெறுங்கைல புடிக்காதீங்க, வேர்வ உப்பு பட்டா வெளிர் பச்சப் பொடி பூக்கும், அது உள்ள போயிட்டே இருக்கும். மாலகைட்ட அறுக்கிறது, தேக்கிறது வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அப்புறம் எங்க ஊரு மழை. தேவாலாவ தமிழ்நாட்டுச் சிரபுஞ்சின்னு சொல்லுவாங்க, இங்க துணி காயிறதே ரெண்டு நாளு ஆகும். இதுல ஆபத்து யாருக்குன்னா கந்தகம் சேந்த கல்லுங்களுக்கு, பைரைட், மார்கசைட், பைரோடைட் இதுக்கெல்லாம். காத்துல ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினா மெதுவா துருப் பிடிக்க ஆரம்பிக்கும், வெள்ளையா மஞ்சளா பொடி வரும், கந்தக வாட வரும், அந்தப் பொடில இருக்குற அமிலம் டப்பாவயும் சீட்டயும் தின்னுரும், பக்கத்துல மாலகைட் இருந்தா அதயும் கெடுத்துரும். கேத்ரி கல்லுல பைரோடைட் இருக்கும், லேசா காந்தத்துல ஒட்டும், அதுல தெரிஞ்சுக்கலாம். கூடலூர்ல ஒரு நண்பர் வீட்டுல அப்படி ஒரு கல்லு ரெண்டு மழைக் காலத்துல பாளம் பாளமா விரிஞ்சு பொடியாச்சு, அவரு எழுதி வெச்ச சீட்டும் ஓட்ட விழுந்து போச்சு. நான் பண்றது இதுதான், ரப்பர் வெச்ச காத்துப் புகாத டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒண்ணு. மீட்டர் 50க்கு மேல போனா ஜெல்ல மாத்திருவேன், பழசத் தனியா ஒரு வாணலில வறுத்து மறுபடி போட்டுக்கலாம், சமைக்கிற வாணலில வேண்டாம், அதுவும் நீலக் கலர் ஜெல்லுல கோபால்ட் இருக்கும், நல்லதில்ல, ஆரஞ்சுக் கலரு வாங்குங்க. சல்ஃபைடு (கந்தகம் சேந்த) கல்லுங்கள மாலகைட் அசுரைட் மாதிரி கார்பனேட் கல்லுங்களோட ஒரே டப்பாவுல வெக்காதீங்க.

ஆனா எல்லாத்துக்கும் இதே மருந்துன்னு நெனச்சிராதீங்க, சால்காந்தைட் படிகத்துக்குள்ள தண்ணி இருக்கு, அதோட கூட ஜெல் போட்டா அந்தத் தண்ணி போயி படிகம் வெளுத்துப் பொடியாகும், அதத் தனி டப்பால ஜெல் இல்லாம இறுக்க மூடி வெக்கணும். குப்ரைட் வெளிச்சத்துல இருந்தா சிவப்பு கருத்துப் போகும், அசுரைட்டும் சூடும் வெயிலும் வேண்டாம்னு சொல்லும், ஜன்னலோர ஷோகேஸ்ல பார்வைக்கு வெக்கிறது இவங்களுக்கு ஆகாது. புது பிளைவுட் அலமாரியும் யோசிச்சு வாங்குங்க, அதுல இருந்து வர்ற ஆவில அமிலம் இருக்கு, கார்பனேட்டுக்கு ஆகாது.

பார்சல் கட்டுறதும் ஒரு வித்த. பஞ்சு போடாதீங்க, ஊசி ஊசியா இருக்குற படிகத்துல பஞ்சு மாட்டிக்கிட்டா எடுக்கும்போது ஊசியும் கூட வரும். மெல்லிய டிஷ்யூ பேப்பர், அதுவும் படிகம் இருக்குற பக்கம் தொடாம அடியக் கெட்டியாப் பிடிச்சு நிக்கிற மாதிரி. எனக்கு ஒரு தடவ வந்த பார்சல்ல அனுப்புனவரு பழைய நியூஸ்பேப்பர கசக்கித் திணிச்சிருந்தாரு, வழில குலுங்கிக் குலுங்கி பாதிப் படிகம் பேப்பர்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சு, அப்படி ஒரு வருத்தம். ஒடஞ்சத ஒட்டணும்னா சூப்பர் க்ளூ வேண்டாம், சுத்தி வெள்ளையா ஆவி படிஞ்சுரும், மியூசியத்துல பயன்படுத்துற பாராலாய்டு பி-72ங்கிற பசை கிடைச்சா வாங்குங்க, அசிட்டோன்ல திரும்பக் கழட்டிக்கலாம். ஒட்டுன கல்ல ஒட்டுனதுன்னு சொல்லித்தான் அடுத்தவங்ககிட்ட கொடுக்கணும், அது ரொம்ப முக்கியம்.

கடைசியா சீட்டு. கல்லு அடில கண்ணுக்குத் தெரியாத ஓரத்துல ஒரு பொட்டு வெள்ள வார்னிஷ், அதுமேல இந்தியன் இங்க்ல நம்பர், அதே நம்பர் நோட்டுல. நோட்டுல கனிமத்தோட பேரு, சுரங்கத்தோட பேரு, லெவல், பக்கத்து ஊரு, மாவட்டம், மாநிலம், யார்கிட்ட இருந்து வந்தது, எப்ப. பழைய சீட்டு எவ்ளோ மக்கிப் போனாலும் பிளாஸ்டிக் உறைல போட்டுக் கல்லோடயே வெச்சிருங்க, புதுசா எழுதுனாலும் பழச எறியாதீங்க. ஒரே மாதிரி ரெண்டு மாலகைட், ஒண்ணுக்குச் சுரங்கம் பேரும் லெவலும் இருக்கு, இன்னொண்ணுக்கு "ராஜஸ்தான்"னு மட்டும் இருக்குன்னா, முதலாவதுதான் சுரங்கம் மூடுனதுக்கப்புறமும் அங்க கீழ என்ன இருந்துச்சுன்னு சொல்லும்.

அதனால உங்க வீட்டுலயோ சொந்தத்துலயோ கோலார், மொசபோனி, கேத்ரி, இங்கல்தால்னு எங்கயாச்சும் சுரங்கத்துல வேல பாத்த பெரியவங்க இருந்தா இந்த வாரமே ஒரு தடவ போய்ப் பாருங்க. கல்லு இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க. எந்த ஷாஃப்ட் (கீழ எறங்குற குழி), எத்தனாவது லெவல், கூட யாரு வேல பாத்தாங்க, அப்ப செவுரு என்ன கலர்ல இருந்துச்சு, தண்ணி ஊறுச்சா, எந்த வருஷம்னு கேளுங்க. போன்ல ரெக்கார்டு போட்டுக்கங்க, அவங்க சொல்லச் சொல்ல சீட்டுல எழுதி அவங்க கைலயே காட்டி சரியான்னு கேட்டு, அந்தச் சீட்ட அப்பவே கல்லோட சேத்துக் கட்டிருங்க.